விளக்கு திறந்திருந்த நேரம்

நம் துறையில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். சாயத்தை எப்படிக் கரைப்பது, செல்களை எப்படி வளர்ப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு ஒரு வருடம் மூத்தவர்களே என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் ஓய்வுபெற்று ஆரணிக்கு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. புதிய கருவிகள் சிலவற்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு தவறு. அதைச் செய்தவன் நான். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார். அதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் தேடியது எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டி.என்.ஏ. என்றால் இரண்டு இழைகள் முறுக்கிக்கொண்ட ஏணி என்றுதான் பள்ளியில் படித்திருப்பீர்கள். பெரும்பாலும் அது அப்படித்தான் இருக்கிறது. ஆனால் சில இடங்களில், குறிப்பாகக் குவானின் என்ற மூலக்கூறு அடுக்கடுக்காக வரும் இடங்களில், இழை தன்மேலேயே மடிந்து நான்கு இழைகள் சேர்ந்த முடிச்சாக நிற்கும். சோதனைக் குழாயில் இதைப் பலரும் பார்த்திருக்கிறார்கள். உயிருள்ள செல்லுக்குள்ளும் இருக்கிறதா, எங்கே, எப்போது என்பதுதான் கேள்வி. கண்டுபிடிக்க ஒரு வழி, ஒளிரும் சாயம். தண்ணீரில் தனியாக இருக்கும்போது இருண்டு கிடக்கும். நாலிழை முடிச்சின்மேல் போய் உட்கார்ந்ததும் நீல ஒளி பட்டால் ஆரஞ்சாக ஒளிரும். அப்படி ஒரு சாயத்தை எங்கள் குழு உண்டாக்கியது. குழாயில் அது சொன்னபடி கேட்டது. அடுத்தது செல்.

இந்த இடத்தில் எங்கள் இருட்டறைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். படம் எடுப்பதற்கு முன் சார் பார்க்க வேண்டும். மாணவர் செல்களைத் தட்டில் கொண்டுவந்து மைக்ரோஸ்கோப்பில் வைப்பார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, நீல விளக்கை மறைக்கும் ஷட்டரைத் திறந்து, கண்வில்லையில் கண் வைத்து, பொறுமையாகத் தேடி, நல்ல செல்லாகப் பார்த்து, துல்லியமாகக் குவியம் வைப்பேன். பிறகு எழுந்து இடம் விடுவேன். அடுத்து மூத்த மாணவர் பாஸ்கர் பார்ப்பார். அப்புறம் மற்றவர்கள், சேர்ந்த வரிசைப்படி. எல்லோரும் பார்த்து முடித்த பிறகுதான் கேமரா. இந்த நேரம் முழுவதும் ஷட்டர் திறந்தேதான் இருக்கும். பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது விளக்கை யார் மூடுவார்கள்? நான் மாணவனாக இருந்தபோது என் வழிகாட்டிக்காக இதே மாதிரி பின்னால் நின்றிருக்கிறேன். இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்படி எடுத்த படங்களில் செல்லின் உட்கரு ஆரஞ்சாக ஒளிர்ந்தது. டி.என்.ஏ. இருக்கும் இடமும் அதுதான். நாங்கள் எதிர்பார்த்ததே கிடைத்தது.

குமுதாவின் படங்களில் மட்டும் அது கிடைக்கவில்லை.

குமுதா கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த ஆய்வு மாணவி. பெற்றோர் இருவரும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பேசும்போது ஊர்ப் பேச்சு வந்துவிடும். வந்தால் வெட்கப்பட மாட்டார். மூத்தவர்கள் யாரும் கருவியை விட்டுக்கொடுக்காததால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் போய்ப் படம் எடுப்பார். அவருடைய படங்களில் உட்கரு கறுப்பு வட்டமாக இருக்கும். அதைச் சுற்றி வெளியே, நூல் துண்டுகளைத் தூவியது போல ஆரஞ்சுக் கீற்றுகள்.

"சாயம் உள்ளயே போகலியே. எவ்வளவு நேரம் ஊற வெச்ச?" என்று கேட்டேன்.

"நீங்க சொன்ன நேரம்தான் சார்."

"அப்புறம் ஏன் இப்படி வருது?"

"தெரியல சார். செல்லு நல்லாத்தான் இருக்குது. சாதா வெளிச்சத்துல தேடி வெச்சிகினு, டக்குனு தொறந்து ஒரு படம் எடுத்துட்டு மூடிட்டேன்."

"டக்குனு. அதான் பிரச்சினை. பொறுமையா குவியம் வெக்கத் தெரியாத அவசரக்குடுக்கை நீ."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். குமுதாவும் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் ஏன் டக்கென்று மூடினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் எளிது. அந்த நீல விளக்கின் பல்பு லேசில் கிடைக்காது. தேவையில்லாமல் திறந்து வைக்காதீர்கள் என்று நான்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அறையில் என் பேச்சைக் கேட்டு நடந்த ஒரே ஆள் குமுதா.

அவர் பல மாதங்கள் திரும்பத் திரும்ப எடுத்தார். எனக்குக் காட்டும்போது நான் உட்கார்ந்து பார்த்தால் உட்கரு ஒளிரும். தனியாக எடுத்தால் ஒளிராது. "பாத்தியா, எனக்கு வருதுல்ல?" என்பேன். ஒரு கட்டத்தில் அவர் தன் கைகளையே சந்தேகிக்க ஆரம்பித்தார். சாயத்தைப் பிப்பெட்டில் எடுத்து, அளவைப் பார்த்து, கொட்டிவிட்டு, மறுபடி எடுப்பார்.

கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பியபோது, உயிருள்ள செல்லில் எடுத்த படங்கள் இன்னும் வேண்டும் என்று மதிப்பீட்டாளர்கள் கேட்டார்கள். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஆய்வுத் திட்டத்துக்கான நிதி நீட்டிப்பு அந்தக் கட்டுரையை நம்பி இருந்தது. மேசையில் இரண்டு வகைப் படங்கள் இருந்தன. இரண்டும் ஒரே சாயம், ஒரே செல், ஒரே மைக்ரோஸ்கோப். ஒன்று மற்றொன்றைப் பொய் என்கிறது. நெருக்கடியில் தீர்மானம் எடுப்பது என்றால் இதுதான். அந்த நேரத்தில் நான் கேட்டது, 'இரண்டும் ஏன் வேறுபடுகின்றன' என்று அல்ல. 'யாருடைய படம்' என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் சுலபமாகக் கிடைத்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாஸ்கரின் அப்பா கல்லூரிப் பேராசிரியர். பாஸ்கரின் படம் அப்படி வந்திருந்தால் முதலில் கருவியைச் சோதித்திருப்பேன், பிறகு சாயத்தை, கடைசியில்தான் பாஸ்கரை. குமுதா விஷயத்தில் கையிலிருந்தே தொடங்கினேன். கையோடு முடித்தும்விட்டேன்.

நானும் பாஸ்கரும் எடுத்த படங்களே ஆய்விதழுக்குப் போயின. கட்டுரை வந்தது. குமுதாவின் பெயரை மூன்றாவதாகப் போட்டேன், பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு. மாணவர்களின் முன்னேற்றத்தை மதிப்பிடும் அடுத்த ஆண்டாய்வுக் கூட்டத்தில், அவர் எதிரிலேயே, "கடுமையாக உழைக்கிறார், ஆனால் சோதனைக்கூட வேலைக்கான கை இல்லை" என்று சொன்னேன். குழுவினர் தலையாட்டினார்கள். சில மாதங்களில் குமுதா பட்டம் இல்லாமலே போய்விட்டார்.

அப்புறம் புது மைக்ரோஸ்கோப் வந்தது. அதில் கண் வைத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. கணினி ஒரு நொடி ஷட்டரைத் திறந்து படம் எடுத்துவிட்டு மூடிவிடும். அதில் எடுத்த எல்லாப் படங்களிலும் உட்கரு கறுப்பாகவே இருந்தது. சுற்றிலும் ஆரஞ்சு நூல் துண்டுகள். கருவி பழுது என்று நான் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஆள் வந்து பார்த்துவிட்டு, "மெஷின் நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து ஆய்வகத்தில் எனக்கு மூத்த பேராசிரியை ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம்; அவருக்குப் பிடிக்காது. தேநீர் நேரத்தில் அவரிடம் புலம்பினேன்.

"பழைய மெஷின்ல மொதல்ல யாரு உக்காருவாங்க?" என்று கேட்டார்.

"நான்தான்."

"எவ்வளவு நேரம்?"

"குவியம் சரியா வர்ற வரைக்கும்."

"அதுக்கு அப்புறம்?"

"பாஸ்கர். அப்புறம் பசங்க."

அவர் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி, "அந்த செல்லுக்கும் சேர்த்து யாராவது ஒரு நாற்காலி போட்டீங்களா?" என்றார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "ஒரே செல்ல எடுத்துக்குங்க. முதல்ல ஒரு படம். அப்புறம் விளக்கைத் திறந்தே வெச்சு எடுத்துகினே இருங்க."

அன்று மதியமே செய்தேன். முதல் படத்தில் உட்கரு கறுப்பு. விளக்கு எரிய எரிய, வெளியே இருந்த நூல் துண்டுகள் மங்கின. உருண்டன. செல் முழுக்க ஒரு மூட்டம் பரவியது. பிறகு அந்த மூட்டம் மெல்ல உள்ளே வடிந்து, உட்கரு ஒளிர ஆரம்பித்தது. கட்டுரையில் நாங்கள் அச்சிட்டிருந்த அதே படம்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் சாயம் நேர்மின்சுமை உள்ளது. உயிருள்ள செல்லில், உட்புறம் எதிர்மின்சுமை தாங்கிய மைட்டோகாண்ட்ரியா அதை இழுத்து வைத்துக்கொள்ளும்; அங்கே நெருக்கமாக அடைந்த சாயமும் ஒளிரும். அந்த நூல் துண்டுகள் அவைதான். சாயம் ஏறிய செல்மேல் நீல ஒளியைத் தொடர்ந்து பாய்ச்சினால் மைட்டோகாண்ட்ரியா சிதையும்; பிடி நழுவிய சாயம் உட்கருவுக்குப் போய், அங்கே எந்த டி.என்.ஏ. கிடைக்கிறதோ அதில் ஒட்டும். நாங்கள் நாலிழை முடிச்சு என்று கொண்டாடிய வெளிச்சம், எங்கள் விளக்கில் செத்துக்கொண்டிருந்த செல்லின் வெளிச்சம். மரியாதையாக ஒவ்வொருவராகப் பார்த்து நாங்கள் அதைச் சாகடித்தோம். உயிருள்ள செல்லைப் பார்த்தவர் குமுதா மட்டும்.

தெரிந்த உடனே நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. ஓய்வுபெறும் காலம் பக்கத்தில் இருந்தது. அந்தச் சாயத்தை இனி யார் பயன்படுத்தப்போகிறார்கள், நல்ல சாயங்கள் வந்துவிட்டன, தானாக மறந்துபோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வழியனுப்பு விழாவில் மாலை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஆரணியில் ஒரு சாயங்காலம், பேருந்து நிலையத்தில் செய்யாறு கம்பெனி பஸ்ஸிலிருந்து கழுத்தில் அடையாள அட்டையோடு குமுதா இறங்கினார். என்னைப் பார்த்தார். "நல்லா இருக்கீங்களா சார்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் சேவூர் டவுன் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார். அந்தக் குரலில் கோபம் ஏதும் இல்லை. இருந்திருந்தால் நான் இன்னும் சில வருடம் சும்மா இருந்திருப்பேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற விரும்புவதாக ஆய்விதழுக்கு எழுதினேன். எழுதியவர்கள் எல்லோரும் ஒப்புதல் தர வேண்டும் என்றார்கள். பாஸ்கர் வெளிநாட்டிலிருந்து ஒரே வரியில் சம்மதித்தார். மிச்சம் குமுதா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சேவூர் போனேன். தெரு நெடுக யாரோ தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீட்டியிருந்ததால் ஆட்டோ உள்ளே போகவில்லை. இறங்கி ஓரமாக நடந்தேன். வாசலில் குமுதாவின் கணவர் முருகன் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. யார் என்று சொன்னதும் துணியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார்.

"நீங்கதானா சார் அது? இவ நெறைய சொல்லிகினு இருப்பா."

"என்ன சொல்லுவாங்க?"

"அது வாணாம் சார். உள்ள வாங்க, டீ குடிங்க."

குமுதா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். நான் எழுந்து நின்று, "உங்களப் பாக்கத்தான் வந்தேன். உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"நீன்னே சொல்லுங்க சார். திடீர்னு மரியாத குடுத்தா பயமா கீது."

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நாற்காலி, வரிசை, ஷட்டர், புது மைக்ரோஸ்கோப், நான் மறைத்த காலம். முருகன் டீ டம்ளரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் குமுதா, "ஆரணிக்காரர் சார் நீங்க" என்றார். "ஒரு பொடவ எடுக்கறதுன்னாகூட கட வெளிச்சத்த நம்பாம தெருவுல கொணாந்து வெயில்ல காட்டச் சொல்ற ஊரு. நீங்க போயி வெளக்க நம்பிட்டீங்களே."

முருகன் சிரித்தார். குமுதா சிரிக்கவில்லை.

நான் கொண்டுபோயிருந்த ஒப்புதல் தாளை நீட்டினேன். வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல கையெழுத்து போட முடியாது சார்."

"அந்தக் கட்டுரை தப்பு, குமுதா."

"தப்புன்னு எனக்கு அப்பவே தெரியும். உங்களுக்குத்தான் இப்ப தெரிஞ்சிருக்குது." அவர் குரல் ஏறவில்லை. "அத்தன வருசம் அங்க இருந்ததுக்கு எங்கிட்ட இருக்கறது அந்த ஒரு பேப்பருதான். இன்டர்வியூல அத்தக் காட்டித்தான் இந்த வேல வாங்கனேன். இப்ப அத்தத் திரும்ப வாங்கிட்டாங்கன்னா கம்பெனில இன்னா நெனப்பாங்க? மூணு பேரும் சேந்து பொய் சொன்னாங்கன்னுதானே? உங்க மனசு சுத்தமாவறதுக்கு எம் பேரையும் சேத்து அடிக்கணுமா சார்?"

ஒன்றைச் சொல்கிறேன்: அந்தத் தெருவில் நடந்து வரும்போது நான் ஒரு நல்ல காரியம் செய்யப்போகிறேன் என்ற நிம்மதியில் இருந்தேன். நான் குமுதாவுக்காகப் போகவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"என்ன செய்யலாம், நீயே சொல்லு" என்றேன்.

"என் பழைய படம்லாம் இருக்குதா?"

"இல்ல. அழிச்சிட்டாங்க."

"அப்ப திரும்ப எடுக்கணும். அதே சாயம், அதே பழைய மெஷின். நான் எடுக்கறேன். மொதல்ல இன்னா தெரிஞ்சுது, வெளக்கு தொறந்து வெச்சா இன்னா ஆவுதுன்னு எழுதி, எம் பேர்ல அனுப்பணும். அது வந்த அன்னிக்கு இத்தத் திரும்ப வாங்கிக்கலாம். கையெழுத்து போடறேன்."

"நின்னுபோன ஆராய்ச்சியையும் திரும்பப் பதிவு பண்ண முடியுமான்னு கேக்கறேன்."

"அதெல்லாம் அப்புறம் சார். மொதல்ல படம்."

துறைத் தலைவர் அனுமதி கொடுத்தார். அன்று நடந்ததை உங்களில் இரண்டு பேர் பார்த்தீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்; நீங்கள் பார்த்ததும் நான் பார்த்ததும் ஒன்றா என்று தெரியவில்லை.

ஆரணியிலிருந்து பஸ்ஸில் வந்தோம். வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்திருந்த குமுதா வழியெல்லாம் தூங்கினார். மூன்றாவது மாடியில் நீங்கள் பழைய இருட்டறையைத் திறந்து, கருவியைத் துடைத்து, செல்களையும் சாயத்தையும் தயாராக வைத்திருந்தீர்கள். நாங்கள் உள்ளே வந்ததும் உங்களில் ஒருவர் ஓடிவந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றீர்கள்.

என்னிடம்தான் சொன்னீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். எனக்குக் கால் வலி; நாற்காலியின் முதுகில் கைகூட வைத்துவிட்டேன். குமுதா பழைய நாட்களில் நின்ற அதே இடத்தில், சுவரோரமாக நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. கால் தானாக அங்கே போயிருந்தது.

நான் கையை எடுத்தேன். "இது அவங்க எடம்" என்று சொல்லிவிட்டு வெளியே வராந்தாவுக்குப் போய்விட்டேன். நீங்கள் இருவரும் ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்று விழித்தபடி என் பின்னால் வந்தீர்கள். உங்கள் தவறு இல்லை. அந்தப் பழக்கத்தை உங்களுக்கு விட்டுப்போனவன் நான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கதவுக்கு வெளியே நின்றிருந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. அத்தனை வருட இடைவெளிக்குப் பிறகு அவர் கை தடுமாறினால்? படம் வராமல் போனால்? நான் ஆண்டாய்வுக் கூட்டத்தில் சொன்ன வாக்கியம், அவரே நம்பத் தொடங்கியிருந்த வாக்கியம், உண்மையாகிவிடும்.

"வாங்க சார்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

உள்ளே போனேன். பழக்க தோஷம், நேராகக் குனிந்து கண்வில்லையில் கண் வைத்தேன். இருட்டு.

"அதுல ஒண்ணியும் தெரியாது சார். மூடிட்டேன். இங்க பாருங்க."

திரையில் படம் இருந்தது. நடுவில் கறுப்பு வட்டம். சுற்றிலும் நூல் துண்டுகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, கூர்மையாக. அவர் கையை நான் பார்த்தேன். மேசைமேல் அசையாமல் இருந்தது. வேறு செல்களிலும் எடுத்தார், எல்லாம் அப்படியே. பிறகு என் பையிலிருந்த ஒப்புதல் தாளைக் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டு, "என்னுது வந்தப்புறம் அனுப்புங்க" என்று என்னிடமே கொடுத்தார்.

"இன்னொரு செட்டு பாக்கி இருக்குது சார், வெளக்கு தொறந்து வெச்சு எடுக்கறது. உக்காருங்க. இந்தத் தடவ நீங்க ஆச தீரப் பாருங்க, நான் கேமராவுல எடுத்துக்கறேன்."

உட்கார்ந்தேன். அவர் ஷட்டரைத் திறந்தார். நீல ஒளி விழுந்ததும் ஆரஞ்சு நூல்கள் பளிச்சென்று எழுந்தன. என் பணிக்காலம் முழுக்க நான் இவற்றைப் பார்த்ததில்லை. நான் குவியம் வைத்து முடிப்பதற்குள் அவை போயிருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு நூல் மங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று உருண்டது.

"போதும், மூடிடும்மா" என்றேன்.

"இப்பத்தான் சார் ஆரம்பிக்குது" என்றார் குமுதா. விளக்கை மூடவில்லை.